ஜியோமெட்ரி பெட்டிக்குள் சாணைக்கல்

கத்தியைப் புல்லின் மேல் வைத்தேன். கைப்பிடி அவர் பக்கம், முனை என் பக்கம்.

தங்கையா குனியவில்லை.

பீர்மேட்டுக்கு மேலே ஒரு மலைச்சரிவு. சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்காக வரிசையாகச் சில கூடாரங்கள், தகரக் கூரை போட்ட ஒரு சமையல் கொட்டகை, கீழே கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை. வரலாமா வேண்டாமா என்று மூடுபனி யோசித்துக்கொண்டிருந்த பிற்பகல். கூடாரங்களை நடத்துபவன் ஜெபா. என் மகள் நித்யா கட்டிக்கொள்ள நினைக்கிற பையன். தங்கையா அவனுடைய அப்பா. எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில்தான் முதன்முதலாகச் சந்தித்தோம். மதியத்துக்குள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரிக்கும் அளவுக்கு வந்திருந்தோம்.

இப்போது அவர் சிரிக்கவில்லை. கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அடுப்பப் பாக்கணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

அவர் மனைவி எஸ்தர் வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஜெபா குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அவன் காலில் இருந்தது ரப்பர் செருப்பு.

நான் இளித்துக்கொண்டு நின்றேன். மற்றவர்களுக்குப் பயம் வந்தால் வியர்க்கும். எனக்குப் பல் தெரியும்.

என் பயத்தின் வரலாறு

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் தைரியம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் எழுதிய ஆட்டுக்குட்டி விவகாரத்தைப் படித்துவிட்டு பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் முதலமடையில் டீக்கடைக்காரர்கூட என்னைப் பார்த்து "மே" என்கிறார். புதிதாக வந்தவர்களுக்கு ஓர் உதாரணம் போதும்.

கோமதியைப் பெண் பார்க்கப் போனபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. வாசலில் முதலில் தெரிந்த பெரியம்மாவின் காலில் தடாலென்று விழுந்தேன். அவர் பக்கத்து வீட்டுக்காரர். தயிர் உறை வாங்க வந்தவர். எழுந்து, அசல் மாமியாரைப் பார்த்து, பதற்றத்தில் கை குலுக்கிவிட்டேன். என் மாமனார் மட்டும், "பையனுக்குப் பணிவும் இருக்குது, நாகரிகமும் இருக்குது. கொஞ்சம் ஆள் மாறிப் போச்சு, அவ்வளவுதான்" என்றார். அந்தப் பெருந்தன்மையில்தான் என் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படிப்பட்டவனைத்தான் இப்போது பையன் வீட்டுக்குப் போய்ப் பேசி வரச் சொன்னார்கள். கோமதிக்கு மலை ரோடு ஆகாது. முதல் வளைவிலேயே முகம் வெளுத்துவிடும். "நீங்களே போயிட்டு வாங்க. பையன எனக்குப் புடிச்சிருக்குது, உங்களுக்கும் புடிச்சிருக்குது. போன எடத்துல மட்டும் ஜோக்கடிச்சு மானத்த வாங்காதீங்க" என்றாள்.

நித்யா இன்னும் தெளிவாகச் சொன்னாள். கோயம்புத்தூரில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்து இருவருக்கும் பழக்கம். சர்ச்சிலா கோயிலிலா என்கிற பெரிய கேள்வியைக்கூட அவர்களே பேசித் தீர்த்திருந்தார்கள்: இரண்டும் இல்லை, ரிஜிஸ்டர் ஆபீஸ், அதன் பிறகு ஒரு விருந்து.

"அவங்கப்பா மனசுதான்ப்பா பாக்கி" என்றாள். "நம்ம தோட்டம் தொரவுன்னு இருக்கறவங்க, அவங்கள மதிப்பமோ மாட்டமோன்னு அவருக்கு ஒரு இது இருக்குது. அவரு வேண்டாம்னுட்டா ஜெபா மீற மாட்டான். மீறச் சொல்லி நானும் கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது கோமாளித்தனம் செய்து நிறுத்தியிருப்பேன். அழாத பிள்ளையை என்ன செய்வது?

அர்த்தம் இல்லாத ஒரு பொருள்

வெறுங்கையோடு போக முடியாது. என்ன கொண்டுபோவது?

தேங்காய் பழம் பூ என்றால் நிச்சயம் பண்ண வந்துவிட்டான் என்று ஆகிவிடும். இனிப்பு என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஹார்லிக்ஸ் பாட்டில் என்றால் அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை. துணிமணி எடுத்தால் பெருமை காட்டுகிறான். என் தொழில் மாங்கன்று ஒட்டுக் கட்டி விற்பது. நல்ல ஒட்டுக் கன்று ஒன்றைக் கொண்டுபோகலாம் என்றால், அந்தக் குளிரில் மா காய்க்காது. பெண்ணோடு சேர்த்துக் காய்க்காத கன்றையும் கொடுத்தான் என்ற பெயர் எனக்கு எதற்கு?

எந்த அர்த்தமும் இல்லாத ஒரு பொருள் வேண்டும். அதைத் தேடித் தூக்கம் கெட்டுக் கிடந்தபோது நித்யா பேச்சுவாக்கில் சொன்னாள்: "ஜெபா கேம்ப்புல கத்தி எல்லாம் மொண்ணையாம்ப்பா. தக்காளிய வெட்டுனா சட்னி ஆகுதாம்."

துள்ளி எழுந்தேன். கத்தி தீட்டுவது எனக்குத் தெரியும். ஒட்டுக் கட்டுகிறவனின் கத்தி மழுங்கியிருந்தால் தோல் நசுங்கும், கன்று சேராது. கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, கைக்கு அடக்கமாக ஒரு தீட்டும் பெட்டி செய்துவிடலாம். அதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

உலகத்திலேயே அர்த்தம் இல்லாத பொருளைத் தேடிய மனிதன் கடைசியில் போய் நின்ற இடம் கத்தி. இதை எழுதும்போதுதான் எனக்கே சிரிப்பு வருகிறது.

(ஒட்டுக் கன்றையும் கல்யாணத்தையும் சேர்த்து ஓர் உவமை போடுவேன் என்று காத்திருப்பவர்கள் மன்னிக்கவும். வீட்டில் அதற்குத் தடை உத்தரவு இருக்கிறது.)

பெட்டி உருவான விதம்

முதலில் பெட்டி. பரணில் நித்யாவின் பழைய ஜியோமெட்ரி பாக்ஸ் கிடைத்தது. தகரம். மூடிக்குள் காம்பஸ் முனையால் தன் பெயரைக் கீறி வைத்திருந்தாள். உள்ளே கல்லாகிப்போன ஒரு ரப்பர், ஒரு கோணமானி. பெயரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பரணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே கோமதி ஏணியைப் பிடித்தபடி, "எறங்கப் பயமா இருக்குதுங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது சுலபமான பதில்.

அடுத்தது கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் நைஸ் என்று இரண்டும் உள்ள சாணைக்கல் என்னிடம் இருந்தது. பெட்டிக்கு நீளம் அதிகம். ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். கல் அப்படியே இருந்தது, பிளேடுதான் பல் போய்க் கிழவனானது. கடைசியில் டைல்ஸ் வெட்டுகிற கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டுகிற மெஷினில் வைத்து, நான் பையிலிருந்து காசு எடுப்பதற்குள் வெட்டிக் கொடுத்தார்கள். பாதிக் கல் பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அடியில் வழுக்காமல் இருக்க சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு. மூடி திறந்துகொள்ளாமல் இருக்க அதே ட்யூபில் ஒரு வளையம்.

கத்தியை எவ்வளவு சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். மாமரக் கட்டையில் சின்ன ஆப்பு ஒன்று செதுக்கினேன். கோணமானியை வைத்து இருபது டிகிரி. கல்லின் ஓரத்தில் இந்த ஆப்பை வைத்து, அதன் சரிவில் கத்தியைப் படுக்கவைத்துப் பார்த்தால் கைக்குச் சாய்மானம் பிடிபட்டுவிடும். பிறகு ஆப்பை எடுத்துவிட்டுத் தேய்க்கலாம்.

கூடவே ஒரு ஸ்கெட்ச் பேனா. கத்தி விளிம்பில் மை பூசிவிட்டு ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். நுனியில் மை மிச்சம் இருந்தால் கத்தி ரொம்பப் படுத்திருக்கிறது. நுனியில் மட்டும் போய் மேலே மிச்சம் இருந்தால் ரொம்ப நிமிர்ந்திருக்கிறது. முழுக்கப் போனால் சரி. மனிதர்களுக்கும் இப்படி ஒரு மை இருந்தால் எவ்வளவு வசதி.

தண்ணீருக்குக் கண் மருந்துப் புட்டி ஒன்றைக் கழுவி வைத்தேன். துடைக்கப் பழைய வேட்டித் துண்டு. கல்லில் தீட்டிய பிறகு விளிம்பில் ஒரு பிசிறு நிற்கும். விரலில் மெல்லத் தட்டுப்படும். அதை எடுக்கத் தோல் வேண்டும். வீட்டில் தோல் என்று இருந்தது என் இடுப்பு பெல்ட் ஒன்றுதான். வெட்டினேன். சொரசொர பக்கம் மேலே தெரிய ஒரு மரச் சட்டத்தில் ஒட்டினேன். நகைப் பட்டறையில் மெருகு போடுகிற பச்சைக் கட்டியை வாங்கி அதன்மேல் தேய்த்தேன். அந்தத் தோலில் கத்தியைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் பெல்ட்டை இரண்டாம் முறையும் வெட்டியவன் ஆவீர்கள்.

வெட்டிய பிறகுதான் என்னிடம் வேறு பெல்ட் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

தீட்டிய கத்தி கூர்மையா என்று பார்க்க முன்கை முடியை மழித்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு வாரத்தில் இடது கை முழங்கை வரை பளபளவென்று ஆகிவிட்டது. கோமதி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "கைக்கு மொட்டை போட்டிருக்கீங்க. எந்தக் கோயில் வேண்டுதலுங்க?"

கோபாலபுரத்தில் ஒரு மாணவன்

கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக எங்களுக்குத் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். நித்யா வேலை பார்ப்பது பாலக்காட்டில். நான் முந்தின நாளே அங்கே போய்விட்டதால் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினோம். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் ஏறி இப்படியும் அப்படியும் பார்த்தார். நான் இளித்துக்கொண்டிருந்ததால் நேராக என்னிடம் வந்தார்.

"பையில என்ன?"

"ஜியோமெட்ரி பாக்ஸுங்க சார்."

அவர் என் நரைத்த மீசையைப் பார்த்தார். "எத்தனாவது படிக்கிறீங்க?"

பஸ்ஸே சிரித்தது. பெட்டியைத் திறந்தார். பச்சைக் கட்டியை முகர்ந்தார். "இது என்ன?"

"நகைக்கு மெருகு போடறதுங்க."

"எந்த நகை? யாரோட நகை?"

நான் இன்னும் அகலமாக இளித்தேன். நித்யாதான் இடையில் புகுந்தாள். "சார், இது எங்கப்பா கத்தி தீட்டறதுக்காகச் செஞ்ச பெட்டி."

"யாரக் குத்தப் போறாரு?"

"என்ற வருங்கால மாமனார் வெங்காயம் வெட்டறதுக்குங்க சார்."

போலீஸ்காரர் பெட்டியை மூடி, ட்யூப் வளையத்தைத் திரும்பப் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "நல்லபடியா முடியட்டும்" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் ஆசீர்வாதம் அது.

மொண்ணைக் கத்தியும் சூடான கட்டனும்

ராத்திரி முழுக்கப் பஸ் மாறி மாறி, கம்பம், குமுளி எல்லாம் தாண்டி, மறுநாள் காலை ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் பால் ஊற்றாத கட்டன் சாயாவோடு நின்றார். "வாங்க அண்ணே, வழியில பாப்பாவ ரொம்பப் படுத்திட்டிகளாம்ல, மெசேஜ் வந்துட்டு" என்றார். தங்கையா வந்து என் பையை வாங்கிக்கொண்டார். ஒல்லியான உயரமான மனிதர். பேசுவதற்கு முன் ஒரு முறை தொண்டையைச் செருமுவார்.

பெட்டியைக் கொடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு பொருளாக எடுத்து எடுத்துப் பார்த்தார். "இது என்னத்துக்கு? இது கண்ணு மருந்தா? இந்தத் தோலு நல்ல தோலா இருக்கே, எங்க வாங்குனீக?" கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. இடது கை பேண்ட்டின் இடுப்பைப் பிடித்தபடி இருந்தது.

புல்லில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். சமையல் கத்தி ஒன்றை ஜெபா கொண்டுவந்தான். உண்மையிலேயே மொண்ணை. "இதுல கழுத்த அறுத்தாக்கூட சாக மாட்டான், சிரிச்சே சாவான்" என்றார் தங்கையா. ஆப்பை வைத்துச் சாய்மானம் காட்டினேன். மை பூசினேன். தண்ணீர் சொட்டினேன். அவர் கொஞ்சம் தேய்த்தார், நான் கொஞ்சம் தேய்த்தேன். கல்லில் கறுப்புப் பால் மாதிரி சேறு ஊறி வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சத்தம். அது கரகரப்பிலிருந்து மெல்ல மெல்லச் சீறலாக மாறியது. கூடாரத்து வாசலில் நித்யாவும் ஜெபாவும் எங்களைப் பார்த்துக்கொண்டு, பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

தோலில் இழுத்து முடித்தேன். ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு வெட்டினேன். சத்தமே இல்லாமல் இரண்டானது. "அடேயப்பா!" என்று தங்கையா கை நீட்டினார்.

நீட்டிய அந்தக் கையை விட்டுவிட்டு, நான் கத்தியைப் புல்லின் மேல் வைத்தேன்.

நித்யா சொன்னது

கூடாரத்துக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கையில குடுக்க வேண்டியதுதானப்பா?"

"கத்திய எப்படிக் கண்ணு கையில குடுக்கறது? சண்டை வந்துருமே. உங்கம்மாகூடக் கீழ வெச்சுத்தான குடுப்பா. நல்லபடியா முடியணும்னுதான் வெச்சேன்."

"எனக்குத் தெரியுதுப்பா." என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜெபாவோட தாத்தாவுக்கு அவங்க ஊர்ல கூலிய கையில குடுக்க மாட்டாங்களாம். தரையில போடுவாங்களாம். குனிஞ்சு பொறுக்கிக்கணும். இனி ஒருத்தன் காலடியில குனிய மாட்டேன்னுதான் அவரு மலையேறி வந்தாராம். இத இவங்கப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லுவாராம்ப்பா."

எனக்கு இளிப்பு நின்றது.

இப்படி ஒரு பழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னால் அது பொய். எங்கள் பக்கத்து மாந்தோப்புகளிலும் தரையில்தான் போட்டார்கள். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மாங்காய் பறித்தவர்கள் குனிந்து எடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்கு வெயில் மாதிரி, செம்மண் மாதிரி, எப்போதும் இருக்கிற ஒன்று. என் கை கத்தியை வைத்தபோது அதற்குத் தெரிந்தது சண்டை வரக் கூடாது என்கிற பயம் மட்டும்தான். ஆனால் அந்தப் புல்தரைக்கு அதைவிடப் பழைய கதை தெரிந்திருந்தது.

என்ன செய்வது? மூளை வழக்கம்போல யோசனைகளைக் கொட்டியது. கத்தி வழுக்கி விழுந்துவிட்டது என்று சொல்லலாம். கை சுளுக்கு என்று சொல்லலாம். மயங்கி விழலாம். இந்த மூன்றாவதை நான் உண்மையிலேயே பரிசீலித்தேன், புல் மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் நித்யா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஜோக்கடிப்பேனா என்று பயந்துகொண்டு நின்றாள். பெற்ற மகள் தன் அப்பாவின் வாயைப் பார்த்துப் பயப்படுவதை அன்றுதான் நான் கவனித்தேன்.

"நீ இங்கயே இரு கண்ணு" என்றேன்.

கொட்டகைக்குள்

கத்தி வைத்த இடத்திலேயே கிடந்தது. மூடுபனி வந்துவிட்டிருந்தது. இரும்பில் ஈரம் பூத்திருந்தது. எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

தங்கையா அடுப்பின் முன் குத்தவைத்திருந்தார். நன்றாக எரிகிற அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். எஸ்தர் கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் தடவினார்.

"ஏனுங்ணா" என்றேன்.

"சொல்லுங்க." திரும்பவில்லை.

"கத்திங்க."

அலகை நான் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை அவர் பக்கமாக நீட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"கத்தியக் கையில குடுத்தா சண்டை வரும்பாகளே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கும் தெரியுங்களா?"

"தெரியாம என்ன? எங்க வீட்லயும் கையில குடுக்க மாட்டோம். இவளே எனக்குக் கீழ வச்சுத்தான் தருவா."

"அப்படித் தந்தும் ஒரு நாளாச்சும் சண்டை இல்லாம இருந்திருக்கா?" என்றார் எஸ்தர், கோழியிடம்.

"அப்புறம் ஏனுங்ணா..."

அவர் தொண்டையைச் செருமினார். "எதுக்கு வச்சீகன்னு வச்ச உடனே தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி. தப்பா எடுக்கக் கூடாதுன்னு எனக்கு நானே சொன்னேன். எடுப்போம்னுதான் நெனச்சேன். இடுப்பு மடங்க மாட்டேன்னுட்டு. எங்கப்பா வந்து முன்னால நின்னுட்டாரு. நான் என்ன செய்ய?"

என்னிடம் எப்போதும் ஒரு ஜோக் இருக்கும். சாவு வீட்டுக்குக்கூட ஒன்று வைத்திருப்பேன். அந்தப் புகைக்குள் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

"எங்க பக்கமும் அப்படித்தானுங்ணா போட்டாங்க" என்றேன். "நான் பாத்திருக்கறேன். பாத்துட்டுப் பேசாமத்தான் இருந்திருக்கறேன்."

விறகு வெடித்தது. எஸ்தரின் கை நின்றது. தங்கையா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை மெல்ல இறங்கி என் இடது கையில் நின்றது.

"இடுப்புல என்ன, வலியா? வந்ததுலருந்து பாக்கேன், பிடிச்சுக்கிட்டே நிக்கீக."

"வலி இல்லீங்ணா. பெல்ட்ட வெட்டித்தான் உங்களுக்கு அந்தத் தோல் பண்ணுனேன். கைய எடுத்தா பேண்ட் நிக்காதுங்க. பெரியவங்களுக்கு ரெண்டு கையால குடுக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க, ஒரு கைதான் காலியா இருக்குது."

முதலில் எஸ்தர்தான் சிரித்தார். மசாலாக் கையால் வாயைப் பொத்தப் போய் மூக்கில் மிளகாய் ஏறி, தும்மிக்கொண்டே சிரித்தார். தங்கையா அடக்கிப் பார்த்தார். புகையும் சிரிப்பும் சேர்ந்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"குடுங்க இங்க. சண்டைய பொறவு பாத்துக்கிடலாம்."

வாங்கிக்கொண்டார். அவர் விரல்கள் என் விரல்களில் பட்டன. காய்ப்புக் காய்த்த, பூண்டு வாசம் அடிக்கிற விரல்கள். என் உள்ளங்கை வேர்த்துக் குளிர்ந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

சண்டை

வெங்காயத்தை எடுத்து அறுத்தார். கண்ணாடிக் காகிதம் மாதிரி சரிந்து விழுந்தது. அடுத்ததை எடுத்துக்கொண்டே, வெங்காயத்திடம் சொல்வதுபோல, "மழைக் காலத்துல விருந்து வச்சா இங்க பந்தலு நிக்காது. தை மாசம்னா தோது" என்றார்.

"தையில எங்களுக்கு மாங்கா எறங்கற நேரமுங்ணா. தோட்டத்த விட்டு நகர முடியாதுங்க."

"அப்ப சித்திரை."

"சித்திரையில லாரிக்காரன் என்னக் கல்யாண மாலையோட ஏத்திட்டுப் போயிருவானுங்க."

"ஒங்க மாங்கா எப்பதான் ஓயும்?"

"உங்க மழை எப்பதானுங்க ஓயும்?"

"அப்ப விருந்த ஒங்க ஊர்லயே வைங்களேன்."

"வெக்கறனுங்க. எங்க ஊட்டு விசேஷம், எங்க ஊர்லதான வெக்கோணும்?"

கத்தி நின்றது. "அதெப்படி? மாப்பிள்ள வீட்டுக்காரன் நான் இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். அந்த வெயில்ல எங்காளுகளக் கூட்டிட்டு வந்தா கருவாடாப் போயிருவாக சம்பந்தி!"

"இந்தக் குளிர்ல எங்காளுகளக் கூட்டிட்டு வந்தா பிரியாணி எலைக்கு வர்றதுக்குள்ள ஒறைஞ்சு போயிருமுங்க!"

"எங்க ஊரு பிரியாணியத் தின்னு பாத்திருக்கீகளா நீங்க?"

"எங்க ஊரு வெயில்ல நின்னு பாத்திருக்கீங்களா நீங்க?"

இரண்டு பேர் குரலும் தகரக் கூரையில் முட்டியது. எஸ்தர் விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணித்தார். சத்தம் கேட்டு ஜெபா ஓடிவந்தான், பின்னாலேயே நித்யா. கண் சிவந்திருந்தது. வாசலிலேயே நின்று, ஒரு முறை அவரைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள்.

"இருங்க, இருங்க" என்றாள். "இன்னும் யாருமே சரின்னு சொல்லலயே?"

தங்கையா நிமிர்ந்தார். வெங்காயம் அறுத்த கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வெங்காயம் என்றே வைத்துக்கொள்வோம்.

"பெரியவுக பேசிக்கிட்டு இருக்கோம்ல. குறுக்க வராத தாயி. போய் அத்தைக்கு அந்த உப்ப எடுத்துக் குடு."

அத்தை. நித்யா அந்தச் சொல்லை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு போய் உப்பு ஜாடியை எடுத்தாள்.

உப்பையும் எங்கள் பக்கம் கையில் கொடுப்பதில்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். எஸ்தர் மசாலா படிந்த உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார். நித்யா ஒரு கை உப்பை அள்ளி அதில் வைத்தாள்.